ஆறாவது கல்

கல்லில் பிடித்த பாசியை எடுக்க இரும்புக் கம்பி பிரஷ்தான் சரி. நைலான் பிரஷ் பார்க்க அழகாக இருக்கும், கையும் வலிக்காது. ஆனால் மேலே தெரிகிற பச்சையை மட்டும்தான் அது எடுக்கும். அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அது போகாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கை மணலைப் போட்டு மறுபடி தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். விரல் நின்றால் கல் சுத்தம். ஒரு கல்லுக்கு இருபது நிமிடம் ஆகும். ஒன்பது கல்லுக்கு மூன்று மணி நேரம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விசாரணை அறிக்கையை நேற்று ஸ்டேஷனில் நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். நான்காம் பக்கத்தில், பாதைப் பணியாளரின் கவனக்குறைவால் ஒரு கல் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் விடப்பட்டது என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. பதினேழு வருடத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவரும் அப்படி விரல் நீட்டியதில்லை. அதை எழுதியவர் ஒரு நாளாவது முட்டி போட்டு ஒரு கல்லைத் தேய்த்திருப்பாரா? அதனால்தான் உங்களிடம் காகிதமும் பேனாவும் கேட்டேன். அந்த வரியைத் திருத்த வேண்டும். அது கவனக்குறைவு இல்லை.

நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கேட் இருக்கிறது. அங்கிருந்து காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக அருவி வரை இரண்டரை கிலோமீட்டர். ஓடையை ஒட்டியே போகும் பாதை. கேட்டில் ஒரு போர்டு: ‘எளிதான நடை. நாற்பது நிமிடம். எல்லா வயதினரும் செல்லலாம்.’ அந்த ‘எளிதான’ என்கிற வார்த்தையை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் செய்தது நான்.

காட்டில் எதுவும் தானாக எளிதாக இருக்காது. மழைத் தண்ணீர் பாதையை அரித்துவிடாமல் இருக்க முப்பத்தெட்டு இடங்களில் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அவற்றிலிருந்து சருகை அள்ள வேண்டும். மூன்று மரப்பாலங்களில் பலகைக்கு மேல் கோழிக்கூண்டு வலையை ஆணி அடித்து வைத்திருக்கிறேன், ஈரத்தில் செருப்பு வழுக்காமல் இருப்பதற்காக. மண்சரிவில் நாற்பத்தோரு படிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கட்டை. கட்டை உளுத்துவிட்டதா என்று குச்சியால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். கடைசியில், அருவியின் தலைக்கு மேலே, ஓடையைக் கடக்க ஒன்பது கற்கள். அவற்றைத் தாண்டினால்தான் எதிர்க்கரைப் பாறையில் நின்று அருவி விழுவதைப் பார்க்க முடியும்.

பார்க்க வருகிறவர்களுக்காக அந்தக் கேட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். திங்கட்கிழமை காலையில் அதைப் படிப்பது என் வழக்கம். ‘மிக எளிது.’ ‘என் நாலு வயது மகள் நடந்தாள்.’ ‘இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கலாம்.’ ஒருவர் எழுதியிருந்தார்: ‘இயற்கை எவ்வளவு அழகாகப் படிகளை அமைத்திருக்கிறது.’ அதைப் படித்த அன்று என் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பேனாவை எடுத்து, இயற்கைக்கு முட்டிவலி இருக்கிறது என்று கீழே எழுதலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை. மரியாதை தெரிந்தவன் நான்.

இன்னொரு நாள் ஒரு படியின் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். கேமராவோடு வந்த ஒருவர், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, ஃபோட்டோல விழறீங்க" என்றார். தள்ளிக்கொண்டேன். நான் தூக்கிப் பிடித்திருந்த கட்டையின் மேலேயே ஏறி நின்று படம் எடுத்துவிட்டுப் போனார். இப்படி ஆயிரம் சொல்லலாம். உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். பதினேழு வருடம் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

இப்போது என் மைத்துனனைப் பற்றி. என் மனைவியின் தம்பி. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்குப் பத்து வயது, இறந்தபோது இருபத்தொன்பது. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. தெருவில் எல்லாரும் ரேடியோ என்பார்கள், வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் சொல்லி அருவிப் பாதைக்குக் கைடாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். நன்றி எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனால் வாய்க்கு வாய் ‘மாமா, மாமா’ என்கிறவன், ஞாயிற்றுக்கிழமை முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, இதைச் செய்து வைத்திருப்பவர் எங்கள் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவன் சொன்னது வேறு. செய்தது அதைவிட வேறு.

ஒன்பது கற்களையும் அவன் பின்னோக்கி நடந்து கடப்பான். அவனுடைய வித்தை அது. கூட்டத்தைக் கரையில் நிறுத்திவிட்டு, அவர்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டே ஒவ்வொரு கல்லாகப் பின்னால் கால் வைத்துப் போவான். கீழே பார்க்கவே மாட்டான். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். எதிர்க்கரையை அடைந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான், எல்லாரும் கை தட்டுவார்கள். ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து அதைச் சொல்லிச் சிரிப்பான். "இன்னைக்கு ஒரு அம்மா கண்ணை இறுக்கிப் பொத்திக்கிட்டாங்கக்கா. வந்துட்டேன், கண்ணைத் திறங்கன்னு நான்தான் சொன்னேன்."

என் மனைவியும் சிரிப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை மூன்று மணி நேரம் பழைய டயரை வெட்டி முட்டியில் கட்டிக்கொண்டு நான் தேய்த்த கல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் அவன் நடந்தான். கை தட்டல் யாருக்கு?

மழைக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு மீட்டிங் நடந்தது. புதிதாக வந்த மேலாளர் அம்மா சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார். கஷ்டமான பாதைகளுக்குச் சிவப்புக் கோடு, நடுத்தரத்துக்கு மஞ்சள், எளிதானவற்றுக்குப் பச்சை. எங்கள் பாதை பச்சை. பச்சைப் பாதைக்குத் தனிப் பணியாளர் தேவையில்லை என்பது புதிய விதி. எனக்கு நாற்காலி இல்லாததால் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். மேலாளர் நல்ல மனுஷிதான், கேட்காமல் முடிவு செய்யவில்லை. கைடிடம் கேட்டார்: "வாராவாரம் போறது நீங்கதானே. அந்தப் பாதைக்கு ஆள் தேவைப்படுதா?"

ரேடியோ சிரித்தான். "அது பாதையா மேடம்? வீட்டு வராந்தா. நான் பின்னாடி நடந்தே போயிட்டு வந்துடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தில் என் பதினேழு வருடமும் முடிந்துபோனது. மழைக்குப் பிறகு பாதை திறந்து இரண்டு மாதம் வரைதான் எனக்கு அங்கே வேலை. அப்புறம் நகரப் பூங்கா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டும். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "உக்கார்ந்த வேலைதானே, உங்க முட்டிக்கு நல்லது" என்றாள். தம்பி என்ன சொன்னான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. குடும்பத்தில் சண்டை மூட்டுகிறவன் இல்லை நான்.

மழைக்காலத்தில் எட்டு வாரம் பாதையை மூடிவிடுவார்கள். கைடுக்கு விடுமுறை, எனக்கு அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. தினமும் போவேன். ஓடையில் தண்ணீர் வடிந்து கற்கள் தலை காட்டிய வாரத்தில்தான் அந்த யோசனை வந்தது. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. நான் இல்லாவிட்டால் இந்தப் பாதை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு ஒருமுறை தெரியட்டும் என்று நினைத்தேன். முழுப் பாதையும் வேண்டாம். ஒரே ஒரு கல் போதும். ஒரு சறுக்கல், ஒரு கணுக்கால் சுளுக்கு. பச்சைக் கோட்டை அழித்து மஞ்சள் கோடு போடுவார்கள். அவ்வளவுதான்.

பாதை திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை எட்டுக் கற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். விரல் வைத்துப் பார்த்தேன், எட்டிலும் நின்றது. ஆறாவது கல்லுக்கு மட்டும் நைலான் பிரஷ். பச்சை முழுக்கப் போய்விட்டது. மற்ற கற்களுக்கும் அதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கட்டைவிரலை வைத்தேன், சறுக்கிக்கொண்டு போனது. ஐந்திலிருந்து ஏழுக்கு எட்டிக் கால் வைத்துக் கரைக்கு வந்தேன்.

அதற்கு முந்தின நான்கு வாரத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த வழவழப்பு எப்படி அவ்வளவு கெட்டியாக இருந்தது என்று கல்லைச் சோதித்துப் பார்த்த உங்கள் ஆள் குழம்பிக்கொண்டே இருப்பார். வீட்டில் பால் திரிந்துபோனால் என் மனைவி கொட்டிவிடுவாள். செடிக்கு ஊற்றுகிறேன் என்று அதை வாங்கிப் பாட்டிலில் ஊற்றிப் புளிக்க வைத்தேன். பொய் சொல்லவில்லை, பாசியும் செடிதானே. வாரம் இரண்டு முறை ஆறாவது கல்லில் ஊற்றினேன். வெயில் பட்டுக் காயாமல் இருக்க ஈரக் கோணியைப் போர்த்தி, நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தேன். காலையில் போனதும் முதல் வேலையாகக் கோணியைத் தூக்கிப் பார்ப்பேன், தொட்டிலில் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. இதற்குப் பெயர் கவனக்குறைவு என்றால் கவனம் என்பது என்ன?

வழியில் இன்னொரு கடப்பு இருக்கிறதே, ஐந்து கல், கணுக்கால் அளவு தண்ணீர், அங்கே ஏன் இதைச் செய்யவில்லை என்று நேற்று நான் வாயால் சொன்னதும் இரண்டு முறை கேட்டீர்கள். அங்கே விழுந்தால் பேன்ட் நனையும், சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். ஆறாவது கல் ஓடையின் நடுவில் இருக்கிறது. தண்ணீர் அங்கே தொடை அளவு, இழுப்பு அதிகம், பதினைந்து தப்படியில் அருவியின் விளிம்பு. அதற்குக் கீழே நாலு மாடி உயரம். இதெல்லாம் எனக்குத் தெரியுமா என்று கேட்டால், என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஆனால் கொல்ல நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று என் பையில் கட்டுத்துணி இருந்தது. வலி மருந்து இருந்தது. நீங்களே எடுத்துப் பார்த்தீர்கள். கொல்லப் போகிறவன் கட்டுத்துணி எடுத்துப் போவானா? அவனைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்து கட்டுப்போட வேண்டும் என்றுதான் நான் ஞாயிற்றுக்கிழமை போனதே. வழக்கமாக நான் போக மாட்டேன்.

அவனுக்குப் பின்னால் வருகிற குழந்தைகள் சறுக்கியிருந்தால் என்று உங்களோடு இருந்த அந்தப் பெண் போலீஸ் கேட்டார். நியாயமான கேள்வி. புதிதாக வருகிறவர்கள் கல்லைப் பார்த்துப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு கால் வைப்பார்கள். கல்லைத் தெரிந்தவன்தான் பார்க்க மாட்டான். அதோடு, எப்போதும் முதலில் போவது அவன். அவனுக்குப் பிறகு அன்று யாரும் அந்தக் கல் பக்கமே போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து வீட்டில் வந்து உட்கார்ந்தபோது என் மனைவி அழுதாள், என்னைத் தேற்றவும் செய்தாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். எனக்கு மனது கனத்தது, மறைக்கவில்லை. பிறகு கேட் பக்கம் போனேன். பழைய போர்டைக் கழற்றிவிட்டார்கள். புதிய போர்டில் சிவப்பு எழுத்து: ‘கடினமான பாதை. எச்சரிக்கை.’ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அடுத்த வாரம் உங்கள் அறிக்கை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அதை இப்போது திருத்திவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் மிச்சம் இருக்கிறது.

கேட்டில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் மேலாளர் அம்மாவும் இருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லது, தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். ரேடியோ என் பக்கத்தில் வந்து காதோரம், "மாமா, நீங்க இன்னைக்குக் கண்டிப்பா வரணும்னு கூப்பிடத்தான் இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க. கடைசியா நில்லுங்க. எதுவும் கேக்காதீங்க" என்றான். புதுச் சட்டை போட்டிருந்தான். நடக்கும்போது வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினான். ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது நின்று, மேலாளருக்கு அதைக் குனிந்து காட்டினான். பாலத்தில் கோழிவலையைக் காலால் தேய்த்துக் காட்டினான். அவன் என்ன செய்கிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கற்களுக்கு வந்தோம். கூட்டம் கரையில் நின்றது, நான் எல்லாருக்கும் பின்னால். அவன் திரும்பி எங்களைப் பார்த்தபடி முதல் கல்லில் ஏறினான். இரண்டு. மூன்று. நான்காவதில் நின்றான். அங்கே அவன் என்றைக்கும் நின்றதில்லை.

"மேடம், அன்னைக்கு மீட்டிங்ல நான் வராந்தான்னு சொன்னேன். வாய் இருக்கேன்னு உளறிட்டேன். அதுக்காகத்தான் உங்களை இன்னைக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னான். "நான் இப்படித் திரும்பி நடக்கிறது என் சாமர்த்தியம் இல்ல. வேற எந்த ஓடையிலயும் நான் இப்படிக் காலு வைக்க மாட்டேன், உசுரு மேல ஆசை இருக்கு. இங்க வைக்கிறேன்னா, இது எங்க மாமா தேய்ச்ச கல்லு. அதோ, கடைசியா நிக்கிறாரே, அவர்தான். இந்தப் பாதையில நீங்க காலு வைச்ச ஒவ்வொரு இடமும் அவர் போட்டது. எல்லாரும் அவருக்கு ஒரு தடவை கை தட்டுங்க."

இருபத்திரண்டு பேரும் திரும்பினார்கள். அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. கை தட்டத் தொடங்கினார்கள். மேலாளர் அம்மா தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். ஒரு சின்னப் பெண் குதித்துக்கொண்டே தட்டினாள். அவர்கள் தலைகளுக்கு மேலே, ஓடையின் நடுவில், அவனும் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஐந்தாவது கல்லுக்குப் பின்னால் கால் வைத்தான். அந்தக் கல்லிலும் ஒரு நிமிடம் போல நின்று தட்டினான்.

அவன் போனதை வேறு யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமும் கேட்கவில்லை. கடைசியில் மேலாளர்தான் திரும்பிப் பார்த்துவிட்டு, "கைடு எங்க?" என்று கேட்டார்.

நீங்கள் இன்னும் கேட்காத ஒன்றையும் நானே எழுதிவிடுகிறேன். அவன் ஐந்தாவது கல்லில் நின்றபோது நேரம் இருந்தது. ‘நில்லுடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் குரலுக்கு அவன் பத்து வயதிலிருந்தே நிற்பவன். தொண்டை வரை வந்தது. ஆனால் கத்தியிருந்தால் எல்லாரும் அவன் பக்கம் திரும்பியிருப்பார்கள். பதினேழு வருடத்தில் எனக்காகத் தட்டிய முதல் கை தட்டல் அது. அது முடியட்டும் என்று கைகூப்பி நின்றேன்.